ஒன்றாம் போர்ட்டின் பச்சை விளக்கு

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பாளையங்கோட்டையில் எல்லார் வீட்டு இட்லி மாவும் புளிக்க மாட்டேன் என்று சண்டித்தனம் செய்யும். ஞானசிகாமணி வீட்டில் மட்டும் ஐந்து மணி நேரத்தில் பொங்கிப் பாத்திரத்துக்கு வெளியே வந்துவிடும். அவர் மாவை வைப்பது, கம்பி சொருக நாற்பத்தெட்டு போர்ட் உள்ள ஒரு கிழட்டு நெட்வொர்க் சுவிட்சின் மேல். ஒரு காலத்தில் ஒரு பெரிய அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களெல்லாம் ஒன்றோடொன்று பேசியது அதன் வழியாகத்தான். இப்போது அதற்குச் சூடாக இருப்பது ஒன்றுதான் உத்தியோகம்.

அந்த வீட்டில் எதுவுமே தன் பிறவி வேலையைச் செய்யவில்லை. பாகல் கொடி நெட்வொர்க் கேபிளில் படர்ந்தது. ரூட்டரிலிருந்து கழற்றிய விசிறி மோர் மிளகாயைக் காய வைத்தது. மூன்று ஆன்டெனாவோடு இருந்த வைஃபை பெட்டியில் துண்டும் தொப்பியும் குடையும் தொங்கின. முப்பத்து நான்கு வருஷம் நெட்வொர்க் வேலை பார்த்த மனிதர். உலகம் கம்பியை உதறிவிட்டுப் போன பிறகு, அது உதறியதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். வயது எழுபத்தொன்று. மனைவி போய்ப் பதினோரு வருஷம். ஒரே மகள் பியூலா நார்வேயின் வடகோடியில் ஒரு துறைமுக ஊரில் இருந்தாள்.

மேலப்பாளையத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த ரஹ்மத் பீவிதான் அவருக்குச் சரக்குக் கொடுப்பவள். புருஷன் இறந்த பிறகு கடையைத் தனியாளாக நடத்துகிறவள். நாக்கு மட்டும் புதுக் கத்தி.

"வாங்க சார். உங்க கண்ணுக்கு லட்சணமா ஒண்ணு வந்திருக்கு," என்று புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றை நீட்டினாள். "இதுல என்னத்த அவிக்கப் போறீய?"

எட்டு போர்ட் ஹப். முன்பக்கம் எட்டுச் சின்ன விளக்குகள். அவர் அதைக் கண்ணுக்கு நேராக, வெகு பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். இப்போதெல்லாம் அப்படித்தான் பார்க்க முடிந்தது.

"இது மூளையில்லாத சாதி, பீவிம்மா. ஒரு பக்கம் வந்ததை மத்த பக்கமெல்லாம் அப்படியே தள்ளிவிடும். எந்தப் பக்கம் வருதோ அந்த விளக்கு மினுங்கும். வரலேன்னா மினுங்காது."

"எங்க வீட்டு மருமவனும் அப்படித்தான். அவன் மினுங்கக்கூட மாட்டான்," என்றாள் ரஹ்மத்.

அந்த ஹப்புக்கு அவர் ஒரு வேலை கண்டுபிடித்தார். வெளியூர்ப் பேச்சை வாங்கித் தரும் மாடிக் கூரைப் பெட்டிக்கும், மகளோடு பேசுகிற மேசைப் பேசிக்கும் நடுவே ஒரு கம்பி ஓடியது. ஊரில் யாரும் கம்பி வைப்பதில்லை. அவர் பிடிவாதத்துக்கு வைத்திருந்தார். கம்பியை நடுவில் வெட்டி ஹப்பைச் சொருகினார். வெளியிலிருந்து வருவது ஒன்றாம் போர்ட். பேசியிலிருந்து போவது இரண்டாம் போர்ட். மகள் பேசும்போது அந்தப் பச்சை மினுமினுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதற்காகத்தான் இத்தனையும்.

பியூலாவோடு பேச்சு ஞாயிறு மாலை நான்கு மணிக்கு. கோயிலுக்குப் போய் வந்து, சாப்பிட்டுச் சற்றுப் படுத்தெழுந்து, முகம் கழுவிச் சட்டை மாட்டிக்கொண்டு உட்காருவார். குரல் மட்டும் போகிற பேச்சுக்குச் சட்டை எதற்கு என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. முகம் பார்த்துப் பேசுவதை இரண்டு வருஷத்துக்கு முன்பே நிறுத்தியிருந்தார். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி, குழாய்க்குள் பார்ப்பது போல ஆகிவிட்டது. திரையில் அவர் கண்கள் மகளைத் தேடி அலைவதை அவள் பார்த்துவிடக் கூடாது. கேட்டால் சொட்டு மருந்து விடுகிறேன், சரியாகிவிடும் என்பார்.

ஆனால் ஹப்பைச் சொருகிய அந்த வாரம் டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். தைக்குள் மிச்சமும் போய்விடும். மருந்து கிடையாது. அந்தப் பார்வையோடு அவரை நார்வேக்குள் விடவும் மாட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை, கறிக்குழம்பு, பாஸ்டரின் நீண்ட பிரசங்கம் எல்லாம் பேசி முடித்த பிறகு, வாழ்நாளில் சொல்லாத ஒன்றைச் சொன்னார். குரல் நடுங்கக் கூடாது என்று ஹப்பின் விளக்கையே வெறித்துக்கொண்டு சொன்னார்.

"பியூலா, கண்ணு போவப்போவுது. ஒருவாட்டி வந்துட்டுப் போ, மக்கா. உன் முகத்தை நேர்ல பாத்து வச்சுக்கிடணும்."

"கட்டாயம் வாரேன்பா. லீவுக்குச் சொல்லிப் பாக்குறேன். நீங்க உடம்பைப் பாத்துக்கோங்க, என்ன?"

எவ்வளவு இதமான குரல். ஞானசிகாமணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கண் நிறைவதற்குள் ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்தது. ஒன்றாம் போர்ட்டின் விளக்கு அசையவில்லை.

ஹப் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தார். பியூலா அங்கே பனி விழ ஆரம்பித்ததைப் பற்றிப் பேசிக்கொண்டே போனாள். விளக்கு செத்தது போல நின்றது. அவர் "ம், ம்" என்றார். இரண்டாம் விளக்கும் மினுங்கவில்லை. ஒன்றாம் போர்ட்டிலிருந்து கம்பியை மெல்ல உருவினார்.

"...மீனு மட்டும் இங்க மலிவுப்பா," என்றாள் மகள். கம்பி அவர் கையில் இருந்தது.

*

இசக்கிமுத்து ஒரு காலத்தில் ஞானசிகாமணிக்குக் கீழே கேபிள் இழுத்தவர். இப்போது பேச்சுச் சேவைக் கம்பெனியின் வண்ணார்பேட்டைக் கிளையில் பெரிய பொறுப்பில் இருந்தார். பழைய மரியாதைக்கு எழுந்து நின்று நாற்காலி போட்டார். விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்தினார்.

"சார், அதுக்குப் பேரு சீரொலி. மொத மொதல்ல இரைச்சல்ல ஒரு வார்த்தை விட்டுப்போனா இட்டு நிரப்பத்தான் கொண்டு வந்தாங்க. நீங்களே சம்மதம்னு தட்டியிருக்கீங்க."

"ஒரு வார்த்தை சரி. நாப்பது நிமிஷமா?"

இசக்கிமுத்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்க. நீங்களும் பாப்பாவும் வாராவாரம் பேசினதை அது கேட்டுக்கிட்டே இருந்துச்சு. சாப்பிட்டியா, மழையா, உடம்பு எப்படி. நூறு வாரத்துல தொண்ணூத்தெட்டு வாரம் ஒரே பேச்சு. ரெண்டு பக்கமும் இன்னது சொல்லுவாங்கன்னு தெரிஞ்சுபோன பிறகு, அதை எதுக்கு அவ்வளவு தூரம் சுமக்கணும்? ரெண்டு வருஷமாவே உங்க பேசி பாப்பா மாதிரி பேசிக்கிடுது. அங்க இருக்கது உங்கள மாதிரி பேசிக்கிடுது."

"அப்ப பியூலா என்கூடப் பேசவே இல்லியா?"

"பேசுதா சார். நாலு மணிக்கு அவளும் அங்க உக்காந்து பேசிக்கிட்டுத்தான் இருக்கா. உங்ககூட இல்ல, அவ்வளவுதான்."

ஞானசிகாமணி மேசையைத் தடவினார். பிறகு கேட்டார்: "நான் புதுசா ஒண்ணு சொன்னேனே. நூறு வாரத்துல இல்லாத பேச்சு. அது போயிருக்கணுமில்ல?"

"அங்கதான் சிக்கல். ஒருத்தர் வழக்கத்துக்கு ரொம்ப மாறாப் பேசினா, அதை இரைச்சல்னு எடுத்துக்கிடும். திருத்திரும். எழுதி அனுப்பினாலும், முகம் காட்டிப் பேசினாலும் அதே கதிதான். எவன் போன்ல போயிப் பேசினாலும் குரலை வச்சுக் கண்டுபிடிச்சிரும். நெசமாவே உயிருக்குப் பயந்து கத்துற குரலை மட்டும் அப்படியே விடணும்னு சட்டம். அதுவும் நடிச்சாச் செல்லாது, மூச்சை வச்சே தெரிஞ்சுக்கிடும்."

அந்த வாரம் ஞானசிகாமணி நடித்தும் பார்த்தார். "தீ! தீ!" என்று மேசைப் பேசியிடம் கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர் வாளியோடு ஓடிவந்ததுதான் மிச்சம். இரண்டாம் விளக்கு மினுங்கவில்லை. "சத்தமாப் பேசாதீங்கப்பா, தொண்டை கட்டிக்கும்," என்றது மகளின் குரல்.

தபால் நின்று ஆறு வருஷமாகிறது. நார்வேக்குப் போகிற ஆள் யாரையும் அவருக்குத் தெரியாது. ரஹ்மத்திடம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் எடைக்கல்லை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"உங்ககிட்ட இவ்வளவு குப்பை கெடக்கே சார். உங்கள மாதிரிக் கிறுக்கு அங்க ஒண்ணுகூடவா இருக்காது?"

இருந்தது. உலகம் பூராவும் இருந்தது. தூக்கியெறிந்த ரூட்டர்களைக் கோத்து, கொட்டகைகளிலும் மொட்டை மாடிகளிலும் அவர்கள் ஒரு வலை பின்னி வைத்திருந்தார்கள். தங்களுக்குள் குப்பை வலை என்று சொல்லிக்கொள்வார்கள். கம்பெனி கைவிட்ட கடலடிக் கம்பி ஒன்றுக்குத் தூத்துக்குடியில் ஓர் ஆள் உயிர் கொடுத்திருந்தான். அந்தப் பெட்டிகளுக்கெல்லாம் வயதாகிவிட்டது, புத்தி கிடையாது, வந்ததை வந்தபடி அடுத்தவனிடம் கொடுப்பது ஒன்றுதான் தெரியும். அதில் யாரும் யாரோடும் பேசியதில்லை. உன் பெட்டி உயிரோடிருக்கிறதா, என் பெட்டி உயிரோடிருக்கிறது என்று எண்களை அனுப்பிக்கொள்வதோடு சரி. பத்து வருஷமாக ஞானசிகாமணிக்கு அவர்கள் எண்களாகத்தான் பழக்கம்.

முதல் முறையாக அவர் அதில் ஒரு கடிதம் தட்டினார். பியூலாவின் ஊருக்குப் பக்கத்தில் யாராவது உண்டா?

எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. இன்கெர் என்று பெயர். எழுபத்தாறு வயது. படகில் இரண்டு மணி நேரம். "நான் போகிறேன்," என்று எழுதியிருந்தாள். "என் பெட்டிகளை இதுவரை யாரும் எதற்கும் கேட்டதில்லை."

அதன் பிறகு மூன்று வாரம் ஞானசிகாமணிக்குச் சோறு தண்ணி மறந்துபோனது. மாவுக்கு அடியிலிருந்த சுவிட்சை உருவினார். பாகல் கொடியிலிருந்து கேபிளை அவிழ்த்தார். அலுவலகங்களில் முன்பு இருந்த கறுப்பு மேசை போன் ஒன்றை ரஹ்மத் தன் குவியலுக்குள் தலைகீழாக நுழைந்து தேடி எடுத்துத் தந்தாள். அதே இனம் ஒன்று இன்கெரிடமும் இருந்தது. சோதித்துப் பார்த்த அன்று, கடல் இரைவது போன்ற சத்தத்துக்கு நடுவே, "ஹலோ, பாலாயம்," என்று பாளையங்கோட்டையைக் கூப்பிட்டது ஒரு கிழவியின் குரல். ஞானசிகாமணி அழுதுவிட்டார். இரண்டு வருஷத்தில் அவர் காதில் விழுந்த முதல் நிஜமான தூரத்துக் குரல் அது.

*

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை, பகல் மூன்று மணிக்கு, கறுப்பு போன் அடித்தது. இன்கெர் தன் போனையும் ஒரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு பியூலாவின் வாசலில் நின்றாள். இரண்டு பெண்கள் ஆங்கிலத்தில் ஏதோ பேசிக்கொள்வது கேட்டது. பிறகு ஒரு மூச்சு.

"யாரு?" என்றாள் பியூலா. குரல் கரகரத்தது, கொஞ்சம் தடித்திருந்தது. மேசைப் பேசி கொடுக்கும் குரலில் இந்த வயது ஏறியிருக்கவில்லை.

"அப்பாதான், மக்கா. போனை வச்சிராத. இந்தப் போன்லதான் நான் பேசுறது உனக்குக் கேக்கும்."

ஒவ்வொரு வார்த்தையும் போய்ச் சேர ஐந்து விநாடி ஆயிற்று. அவர் எல்லாவற்றையும் சொன்னார். விளக்கைச் சொன்னார், இசக்கிமுத்து சொன்னதைச் சொன்னார், டாக்டர் சொன்னதைச் சொன்னார். "தனியா இருக்க முடியலட்டி. இருட்டுறதுக்குள்ள உன்னை ஒருதடவை பாக்கணும்," என்று சொல்லும்போது அடக்க முடியாமல் விம்மினார். மகள் முன்னால் அவர் அழுவது இதுதான் முதல் தடவை. மனைவியின் அடக்கத்தில்கூட அழாதவர்.

ஐந்து விநாடி போனது. பத்து போனது.

"எங்கப்பா இப்படிப் பேச மாட்டாரு," என்றாள் பியூலா மெதுவாக.

"நான்தான்டீ. கேளு, என்ன வேணும்னாலும் கேளு. உன் பள்ளிக்கூடம், உங்க அம்மா வச்ச செல்லப்பேரு..."

"அதெல்லாம் போன்ல பேசினதுதான். எந்தத் திருடனுக்கும் கெடைக்கும்." சற்று நிறுத்தினாள். "சரி. ஒண்ணு கேக்குறேன். நானும் ஆல்வினும் பிரிஞ்சதை ஈஸ்டர் அன்னைக்கு அப்பாகிட்டச் சொன்னேன். அப்ப அவரு என்கிட்ட ஒண்ணு சொன்னாரு. என்ன சொன்னாரு?"

ஈஸ்டர் அன்று ஞானசிகாமணியின் காதில் விழுந்தது மருமகன் ஆல்வின் செய்த கேக்கைப் பற்றித்தான்.

"பிரிஞ்சிட்டீங்களா?" என்றார். "எப்ப மக்கா? ஏன் என்கிட்டச் சொல்லல?"

அதைவிடத் தப்பான பதில் உலகத்தில் வேறு இல்லை. அது போய்ச் சேர ஐந்து விநாடி இருந்தது, திருப்பி அழைக்கத்தான் வழியில்லை.

"நீ யாரு?" என்றாள் பியூலா. குரல் நடுங்கியது. "எங்கப்பாவுக்குக் கண்ணு நல்லாருக்கு. போன வாரம்கூட அவரே சொன்னாரு. கம்பெனி போனை நம்பாத, என் போனை நம்புன்னுதான் எல்லாத் திருட்டுப் பயலும் சொல்லுவான். ஒரு வயசானவரோட குரலைத் திருடி இப்படி அழுதுகாட்ட உனக்கு வெக்கமா இல்ல? இந்தக் கிழவியை எவ்வளவு குடுத்துக் கூட்டிட்டு வந்த?"

கதவு அறையும் சத்தம் கேட்டது. பிறகு காற்றின் சத்தம். இன்கெர் ஆங்கிலத்தில் "மன்னித்துக்கொள், மன்னித்துக்கொள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நடந்தது புரிந்துவிட்டது.

ஞானசிகாமணி போனை வைத்த அரை நிமிஷத்தில் மேசைப் பேசி அலறியது. ஞாயிறும் இல்லை, நான்கு மணியும் இல்லை. ஒன்றாம் போர்ட்டின் விளக்கு படபடவென்று துடித்தது.

"அப்பா! அப்பா, எடுங்க!"

அதே கரகரப்பு, அதே தடித்த குரல். சந்தேகமே இல்லை, அவள்தான். பயந்த குரல், அதனால் சீரொலி கை வைக்காமல் அப்படியே வந்து சேர்ந்திருந்தது.

"எவனோ உங்க குரல்ல பேசி என்னை ஏமாத்தப் பாத்தான்பா. உங்களுக்கு என்னமோ ஏதோன்னு எனக்குக் கையும் காலும் ஓடல. நீங்க நல்லாத்தானே இருக்கீங்க? கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

அவர் வாயைத் திறந்தார். ஆல்வினைக் கேட்பதா, கண்ணைச் சொல்வதா, எதை முதலில் எடுப்பதென்று ஒரு கணம் திகைத்தார்.

"அப்பாடா," என்றாள் பியூலா. ஒரு பெரிய மூச்சை விட்டாள். "இதைக் கேட்டப்புறந்தான் எனக்கு உயிரே வந்துச்சு."

அவர் இன்னும் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

"இல்லப்பா, பயப்படல. இப்ப பயப்படல. ஈஸ்டர் அன்னைக்கு நான் தனியா வந்துட்டேன்னு சொன்னதும் நீங்க சொன்னீங்கள்ல, அந்த ஒரு வார்த்தையிலதான் நான் ஓடிட்டிருக்கேன். அதை மட்டும் அந்தத் திருடனுக்குச் சொல்லத் தெரியல. முழிச்சான் பாருங்க."

என்ன வார்த்தை என்று கேட்க அவருக்கு நாக்குவரை வந்தது. கேட்டாலும் போய்ச் சேராது. அவள் அங்கே ஏற்கெனவே ஒரு அப்பாவிடம் பதில் வாங்கிக்கொண்டிருந்தாள். பெற்ற அப்பா ஒரு நாளும் சொல்லத் தெரியாதிருந்த ஏதோ ஒன்றை அந்த அப்பா அவளுக்குச் சொல்லியிருந்தார். ஞானசிகாமணிக்கு அவர் மேல் பொறாமையாக இருந்தது. கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது.

"ஐயோ, போங்கப்பா," என்று பியூலா திடீரென்று சிரித்தாள். அங்கே அவர் ஏதோ கேலி செய்திருக்க வேண்டும். நெஞ்சிலிருந்து வந்த சிரிப்பு, நடுவில் ஒரு இருமலோடு. ஒன்றாம் விளக்கு அந்தச் சிரிப்புக்குச் சரியாக மினுங்கியது. இரண்டு வருஷமாக அவர் கேட்காத மகளின் சிரிப்பு. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஹப்புக்கு மிக அருகில் முகத்தை வைத்துக்கொண்டு, வாயை மூடி உட்கார்ந்தார். மூச்சுவிடக்கூட யோசனையாக இருந்தது.

அவள் பயம் தெளியத் தெளிய விளக்கின் வேகம் குறைந்தது. விட்டு விட்டு மினுங்கியது. பிறகு நின்றது.

பியூலா சிரித்துக்கொண்டேயிருந்தாள்.